றெமீஜியஸுக்குச் சோறு

உப்புவெளியில் மெற்றில்டாவைப் பற்றிக் கேட்டால் நல்ல மனுசி என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அவள் சமைக்கும் விருந்தினர் விடுதியின் குசினியில் ஒரு கறிவேப்பிலைக் காம்புகூடக் களவு போனதில்லை. பொய் சொல்ல மாட்டாள். வெள்ளிக்கிழமை இறைச்சி தொட மாட்டாள். ஞாயிறு பூசைக்கு மணியடிக்க முன்னமே கோயில் முன்வாங்கில் உட்கார்ந்திருப்பாள். அந்த நல்ல மனுசி தன் நெஞ்சுக்குள் ஒன்பது வருடமாக ஓர் ஆளை உயிரோடு வறுத்துக்கொண்டிருந்தாள். அவன் பெயர் றெமீஜியஸ்.

கடலில் ஒரு வழக்கம் உண்டு. படகு கவிழ்ந்தவன் சட்டையைக் கழற்றித் துடுப்பில் கட்டி உயர்த்தினால், காண்கிறவன் வலையை வெட்டிவிட்டாவது அங்கே போகவேண்டும். பகையாளி என்றாலும் போகவேண்டும். மெற்றில்டாவின் அண்ணன் யூஜின், துறைமுக வாய்க்கு வெளியே கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு தன் நீலச் சட்டையை உயர்த்தினான். றெமீஜியஸ் கண்டான், ஆனால் திரும்பவில்லை. அவன் வலை நிறையக் கும்பளா மீன் கிடந்தது. இரண்டாம் நாள் யூஜினின் உடல் பக்கத்து ஊரான சல்லியின் கரையில் ஒதுங்கியது.

மீனவர் சங்கம் கோயிலில் கூடி விசாரித்தது. "நான் ஒண்டும் காணேல்ல" என்று அந்தோனியார் சுரூபத்தில் கைவைத்துச் சத்தியம் பண்ணினான் றெமீஜியஸ். சங்கமும் அதோடு எழுந்து போய்விட்டது. அவனுடைய படகில் கூலிக்குப் போன கிண்ணியா அபூதாஹிர் ஒரு மாதம் கழித்து மெற்றில்டாவின் வாசலில் வந்து நின்று அழுதான்.

"சட்டை தெரியுது எண்டு நான் கத்தினனான் அக்கா. அவர் எஞ்சின் வேகத்தைக் கூட்டிப்போட்டார்."

சங்கத்தில் வந்து சொல் என்றதற்கு, அது மட்டும் ஏலாது என்று போய்விட்டான்.

அன்றிலிருந்து அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. ஊருக்கு முன்னால் றெமீஜியஸின் வாயாலேயே "கண்டனான்" என்று வரவேண்டும். கையால் பழிதீர்க்க வேதம் விடாது. அதற்காக வேதத்தின் மேலேயே அவளுக்குச் சில நாட்கள் கோபம் வரும்.

போன தவக்காலத்தில் ஃபாதரின் பிரசங்கம் வழி காட்டியது. எதிரி பசித்துக் கிடந்தால் அவனுக்குச் சோறு போடவேண்டும், அது அவன் தலையில் தணலைக் குவிப்பதற்குச் சமன் என்றார். ஃபாதர் என்ன கருத்தில் சொன்னாரோ, மெற்றில்டா பிடித்துக்கொண்டது தணலைத்தான். ஆண்டவர் இதை இவ்வளவு காலமும் தனக்குச் சொல்லாமல் வைத்திருந்தாரே என்று நினைத்தாள்.

அப்போது றெமீஜியஸ் பாரிசவாதத்தில் இடப்பக்கம் விழுந்து, மனைவி செத்துப்போன வீட்டில் தனியே கிடந்தான். தங்கை மகள் காலையில் வந்து குளிப்பாட்டிவிட்டுப் போவாள். அயலார் மாறிமாறி ஏதாவது கொடுப்பார்கள். மதியச் சோறு இனி என்னுடைய பொறுப்பு என்று மெற்றில்டா சொன்னபோது ஊரே வாயைப் பிளந்தது. ஃபாதர் பூசையில் வைத்துப் புகழ்ந்தார். அவளும் தலையைக் குனிந்துகொண்டு ஒன்றும் தெரியாதவள்போல் இருந்தாள்.

சமையலில் ஒரு குறையும் வைக்கவில்லை. பாரைமீன் நடுத்துண்டு, முருங்கையிலைச் சுண்டல், தேங்காய்ச் சம்பல். ஒவ்வொரு கவளத்துக்கும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எரிகிறதா? எங்கே! அவன் விரலை நக்கினான்.

"உன்ர கைப்பக்குவத்த அடிக்க ஆளில்ல, தங்கச்சி."

மூன்று மாதத்தில் கன்னத்தில் சதையும் வைத்துவிட்டது. எரிந்ததெல்லாம் மெற்றில்டாவின் வயிறுதான். ஆனாலும் உப்பைக் கூட்டவோ மீனைக் குறைக்கவோ மனம் இடம்தரவில்லை. கள்ளச் சோறு போட்டால் தணலும் கள்ளத் தணலாகிவிடும் என்று பயந்தாள்.

யூஜின் செத்த திகதி வந்தது. அன்று அவள் கும்பளா சமைத்தாள், வேண்டுமென்றேதான். சோற்றுக்கோப்பையில் அந்த மீனைக் கண்டதும் றெமீஜியஸின் கை நின்றுவிட்டது.

"ஏன், மீன் பழுதோ?"

அவன் கோப்பையைத் தள்ளி வைத்தான். பிறகு, "நீலச் சட்டை. கண்டனான்" என்றான்.

அவளுக்கு அந்தக் கோப்பையாலேயே அடித்துக் கொல்லவேண்டும் போலிருந்தது.

"எனக்குச் சொல்லி என்ன? எங்க பொய்ச் சத்தியம் பண்ணினீங்களோ, அங்க வந்து சொல்லுங்கோ."

அன்று சோறு தொடாமலே திரும்பியது. அடுத்த நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் அவனே, "ஞாயிற்றுக்கிழமை என்னைக் கோயிலுக்குக் கொண்டுபோகச் சொல்லு" என்றான்.

கதிரையில் வைத்துத் தூக்கி வந்தார்கள். பூசை முடிந்ததும் அந்தோனியாருக்கு முன்னால், கோணிய வாயால், எல்லாவற்றையும் சொன்னான். முன்வாங்கில் இருந்த மெற்றில்டா ஒரு சொல்லையும் சிந்தவிடாமல் குடித்தாள். அவ்வளவு இனிப்பான எதையும் அவள் அதற்கு முன்னர் ருசித்ததில்லை.

அடுத்த நாளே ஊர் அவளுடைய பழியைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. தங்கை மகள் வரவில்லை. அயலார் வேலிப்படலையை இழுத்துச் சாத்தினார்கள். யாரோ அழுகின மீனை அவன் வாசலில் கொட்டிவிட்டுப் போனார்கள். இதையெல்லாம் கேள்விப்பட்ட மெற்றில்டா, தன் வேலை முடிந்தது என்று மதியம் தனக்கு மட்டும் சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். நன்றாக வேண்டும் அவனுக்கு, கிடக்கட்டும்.

முதல் கவளத்தைத் திரும்பக் கோப்பையிலேயே போட்டாள். ஃபாதர் சொன்ன பசித்த எதிரி இன்றைக்குத்தான் உண்மையாகப் பசித்துக் கிடக்கிறான். அவன் கிடப்பது அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டு திரும்பாமல் இருந்தால், அன்றைக்கு எஞ்சினைக் கூட்டிக்கொண்டு போனவனுக்கும் தனக்கும் என்ன வித்தியாசம்? இந்தக் கேள்வியை அனுப்பிவைத்த ஆண்டவரை அவள் வாய்விட்டே ஏசினாள். ஏசிக்கொண்டே சோற்றைப் பெட்டியில் போட்டாள்.

றெமீஜியஸ் நாற்றத்தில் கிடந்தான். உதடு காய்ந்து வெடித்திருந்தது. ஈரத்துணியால் முகத்தைத் துடைத்தாள். மெதுவாக ஒன்றும் இல்லை, பானை தேய்ப்பது போலத்தான். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, மீனில் ஒரு முள் விடாமல் எடுத்துப் பிசைந்தாள்.

அவன் கண் கலங்கியது. "தங்கச்சி, என்னை மன்னிப்பியோ?"

"அதைக் கேக்காதேங்கோ. நான் பொய் சொல்லமாட்டன் எண்டு தெரியுந்தானே," என்றாள் மெற்றில்டா. "வாயைத் திறவுங்கோ."