மாமன் புள்ளியும் மருமகன் புள்ளியும்

மண்டை உடைந்த கதை என்றால் மட்டும் எங்கிருந்துதான் முளைத்து வருகிறீர்களோ. போன வாரம் வரைக்கும் என் வாசல் பக்கம் திரும்பிப் பார்க்காத ஆளெல்லாம் இன்று சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டு, "இன்னா ஆயா, உம் புள்ளைக்கும் உங்கண்ணனுக்கும் போன்ல மேப்பு பாத்து வெட்டுகுத்தாமே?" என்று கேட்கிறது. உங்களுக்கு எதற்கு அது? உங்கள் வீட்டில் யாரும் அடித்துக்கொள்வதே இல்லையா? சரி, கேட்டாயிற்று. வெற்றிலையை மடித்துக் கொடுங்கள், சொல்கிறேன். நடுவில் ‘உச்’ கொட்டுகிறவர்களை எழுப்பி அனுப்பிவிடுவேன்.

நான் பிறந்தது எண்ணூர்க் கழிமுகத்தின் வடகரைக் குப்பம். வாழ்க்கைப்பட்டது தென்கரைக் குப்பம். அந்தக் கரையில் என் ஒரே அண்ணன், இந்தக் கரையில் என் ஒரே மகன். நடுவில் இறால்.

எங்கள் தண்ணீரில் பாடு என்று ஒரு முறை உண்டு. தண்ணீரைத் துண்டு துண்டாகப் பிரித்து, இன்று இந்த வீடு, நாளை அந்த வீடு என்று முறை வைத்து, முளை அடித்து வலை கட்டுவார்கள். முறை இல்லாதவன் அன்றைக்கு அந்தத் துண்டில் கால்கூடக் கழுவக் கூடாது. பெண்களுக்குப் பாடு கிடையாது. ஆண்கள் பிடித்ததை விற்கவும், அவர்கள் அடித்துக்கொண்டால் அழவும்தான் எங்களுக்கு உரிமை. இரண்டு குப்பத்துப் பாடுகளும் தொடுகிற இடத்தில் என் மாமனார் காலத்திலிருந்து ஒரு பனந்தடி முளை நின்றது. அதற்கு இந்தப் பக்கம் எங்களுடையது, அந்தப் பக்கம் அவர்களுடையது. அனல்மின் நிலையத்துச் சாம்பல் குழாய் உடைந்து சேறு ஏறி முளை கழுத்து வரைக்கும் புதைந்தது. அப்புறம் தூர் வாருகிற இயந்திரம் வந்து சேற்றோடு சேர்த்து அதையும் அள்ளிக்கொண்டு போய்விட்டது.

இரண்டு குப்பத்துப் பெரியவர்களும் கூடினார்கள். என் மகன்தான் வாயைத் திறந்தான். "இன்னொரு முளை இன்னாத்துக்கு? போன்ல புள்ளி வெச்சிக்கலாம். மேல கீற சாட்டிலைட்டுக்கு வடகரை தென்கரைன்னு ஓரவஞ்சனை இல்ல."

யாரும் மறுக்கவில்லை. கடலில் வலை விட்ட இடத்துக்கே திரும்பக் கொண்டுபோய் நிறுத்துகிற சாமான் அது. என் அண்ணனே அதை நம்பித்தான் பார், அதாவது மீன் அண்டுகிற கடலடிப் பாறை, தேடிப் போகிறவன்.

முளை நின்ற இடத்தை ஒட்டி, நிலக்கரி கொண்டுபோகிற இரும்புப் பாலம் போகிறது. உச்சி வெயில். படகைப் பாலத்தின் நிழலில் செருகிக்கொண்டு, உப்பு போட்ட மாங்காயைக் கடித்துக்கொண்டு, மகன் தன் போனில் ஒரு புள்ளி வைத்தான். அண்ணன் தன் போனில் ஒரு புள்ளி வைத்தான். ஒரே பலகையில் தொடையோடு தொடை ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். இந்தப் புள்ளியும் அந்தப் புள்ளியும் ஒன்றுதானா என்று ஒருத்தனும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. மாங்காய்தான் முக்கியம்.

அமாவாசைக்குக் கடல் தண்ணீர் உள்ளே ஏறுகிற ஏற்றத்தில் இறால் ஓடும். அன்று காலையில் எல்லைத் துண்டு, எங்கள் பக்கம் என் மகன் முறை, அவர்கள் பக்கம் என் அண்ணன் முறை. நான் கரையில் கூடையோடு நின்றிருந்தேன். இரண்டு பேரும் அவரவர் போனைப் பார்த்து, அவரவர் புள்ளியில் முளை அடிக்கப் போனார்கள். போய்ப் பார்த்தால் ஒருத்தன் துண்டு இன்னொருத்தன் துண்டுக்குள் ஏறி, படகும் படகும் முட்டிக்கொண்டன.

"டேய் மருமவனே, எங்க பாட்டுல வந்து இன்னாடா முளை அடிச்சிகினு கீற?"

"போனப் பாரு மாமா. நீதான் எங்க தண்ணியில நின்னுகினு கீற."

"எம் போன்ல நீ ஒன்றரைப் படகு நீளம் உள்ள வந்துட்ட."

"உம் போனும் உன்ன மாதிரிதான் மாமா. எல்லாத்தையும் குத்துமதிப்பா பேசும்."

"இன்னாடா சொன்ன? உங்கப்பன் பொண்ணு கேட்டு வந்தப்போ மாத்துத் துணி இல்லாம வந்தான்டா. எங்க வேட்டிய கட்டிகினு போனவன்டா அவன்."

"எங்கப்பன வம்புக்கு இஸ்தின்னா, வாய் கீஞ்சிரும்."

கிழிந்தது முதலில் அண்ணன் வலைதான். என் மகன் மீன் அறுக்கிற கத்தியால் மேலிருந்து கீழ் வரைக்கும் ஒரே இழுப்பு. அண்ணன் சும்மா இருப்பானா? படகு தள்ளுகிற மூங்கில் கழியை இரண்டு கையாலும் தூக்கி என் மகன் தலையில் இறக்கினான். தேங்காய் உடைக்கிற சத்தம் கரை வரைக்கும் கேட்டது. என் மகன் விழவில்லை. நெற்றி ரத்தம் கண்ணில் இறங்க, அப்படியே பாய்ந்து மாமனின் இடுப்பைப் பிடித்தான். இரண்டு பேரும் சாம்பல் தண்ணீரில் விழுந்தார்கள். அதற்குள் இரண்டு கரையிலிருந்தும் படகுகள் வந்துவிட்டன. துடுப்பு, கழி, நங்கூரக் கயிறு, கையில் கிடைத்ததெல்லாம் யாரோ ஒருத்தர் மேல் விழுந்தது. ஒருத்தனுக்கு விரல் தொங்கியது. ஒருத்தன் பல்லைத் துப்பிவிட்டு மறுபடி அடிக்கப் போனான்.

கொஞ்சம் தள்ளி ஒரு படகில், தூர் வாருவதற்கு ஆழம் அளக்க வந்த ஒரு பையன் நின்றிருந்தான். சர்வே வேலை. கையில் ஒரு நீளக் கம்பு, அதன் தலையில் கவிழ்த்த வெள்ளைக் கிண்ணம். எதிர்க் குப்பத்துக்காரன் அளக்கக் கூட்டி வந்த ஆள் என்று இரண்டு பக்கமும் நினைத்துக்கொண்டது. இரண்டு பக்கமும் சேர்ந்து செய்த ஒரே காரியம் அவனை அடித்ததுதான். கம்பைப் பிடுங்கி ஆற்றில் எறிந்துவிட்டு, வாயில் ஒரு குத்து.

நான் கூடையைப் போட்டுவிட்டு இறங்கினேன். மார்பளவு சேறு. போய்ச் சேர்ந்தபோது என் மகன் தலை தண்ணீருக்கு அடியில். அண்ணன் முழங்கால் அவன் கழுத்தில். மேலே குமிழி வந்துகொண்டிருந்தது. அந்தக் குமிழி நின்றால் ஒருத்தன் சுடுகாட்டுக்கு, இன்னொருத்தன் ஜெயிலுக்கு. இரண்டு பேரும் என் ஆட்கள். "அண்ணாத்தே, வுடு, எம் புள்ளய வுடு" என்று கத்தினேன். காதில் ஏறவில்லை. ஏறாத காது எதற்கு என்று கடித்துவிட்டேன். எனக்கு மேலே நாலு பல்தான், ஆனால் நல்ல பல். நுனி என் வாயிலேயே வந்துவிட்டது. அண்ணன் ஓலமிட்டுக்கொண்டு எழுந்தான். நான் மகனை முடியைப் பிடித்துத் தூக்கினேன்.

அதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் நின்றார்கள். கிழவி ஒருத்தி வாயில் ரத்தத்தோடு நின்றால் யாருக்கும் கொஞ்சம் யோசனை வரும்.

கரையில் மகன், அண்ணன், சர்வே பையன் மூன்று பேரையும் வரிசையாக உட்காரவைத்தேன். என் முந்தானையைக் கிழித்து மூன்று பேருக்கும் கட்டினேன். மகனுக்கு மூச்சு வந்ததும் முதல் வார்த்தை, "சாயங்கால ஏத்தத்துல மாமன் கொடலு முளையில தொங்கும்." அண்ணன் காதைப் பொத்திக்கொண்டு, "வாடா, நானும் அங்கதான் கீறேன்." காலையில் ஒரு தடவை காப்பாற்றிவிட்டேன். சாயங்காலம் கடிக்க இன்னொரு காதுதான் இருக்கிறது.

சர்வே பையன்தான் உதட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "ரெண்டு போனும் பொய் சொல்லுதும்மா. அதுக்குப் போயா?"

"மேலேர்ந்து பாக்குற சாட்டிலைட்டு எப்டிய்யா பொய் சொல்லும்?" என்றேன்.

"அதுங்க உங்களைப் பாக்குறதே இல்ல. சுத்திக்கிட்டே ‘நான் இங்க இருக்கேன், இப்ப மணி இத்தனை’ன்னு சொல்லிக்கிட்டு இருக்கும், அவ்வளவுதான். அந்தச் சேதி வந்து சேர எவ்வளவு நேரமாச்சுன்னு பாத்து, அது எவ்வளவு தூரத்துல இருக்குன்னு போன்தான் கணக்குப் போடும். நாலு கிட்டயாவது கேட்டாத்தான் இடம் பிடிபடும்."

"மூணு பத்தாதா?"

"இடத்துக்கு மூணு போதும். போன்ல இருக்கிற கடிகாரம் மட்டமானது, அதைத் திருத்த நாலாவது. கண்ணு இமைக்கிற நேரத்துல கோடியில ஒரு பங்கு தப்பினாலே இருபது அடி தள்ளிப்போயிரும்."

"எம் புருசன் வூட்டுக்கு வர்ற நேரத்த வெச்சி இடம் கண்டுபுடிச்சிருந்தா, பர்மாவுல போய் நின்னிருப்பேன்" என்றேன். ரத்தம் வழிகிற மூன்று முகத்தில் ஒன்றாவது தளர்கிறதா என்று பார்த்தேன். இல்லை.

"புள்ளியை எங்க நின்னு வெச்சீங்க?" என்று பையன் கேட்டான்.

"பாலத்தடியில. வெயிலு" என்றான் மகன்.

"அவ்வளவு தூரத்துலேருந்து வர்ற சேதி, இங்க வரும்போது உசுரே இல்லாமத்தான் வரும். தலைக்கு மேல இரும்பு மறைச்சா பாதி கேக்காது. மீதி, இரும்புலயும் தண்ணியிலயும் பட்டுத் தெறிச்சு சுத்திக்கிட்டு வரும். சுத்தி வந்தா நேரம் கூடும். போன் அதைத் தூரம்னு நினைச்சுக்கும். உங்க ரெண்டு பேருக்கும் வேற வேற மாதிரி தெறிச்சிருக்கு."

"வெட்டவெளியில வெச்சிருந்தா?" என்றேன்.

"அப்பவும் மேல இருக்கிற காத்து மண்டலம் சேதியைக் கொஞ்சம் தாமசப்படுத்தும். ஒரு படகு நீளம் முன்னப் பின்னதான். எங்க சாமானுக்குக் கரையில ஒரு ஜோடி இருக்கு, இடம் தெரிஞ்ச கல்லு மேல உக்காந்திருக்கும். இன்னைக்குச் சேதி இவ்வளவு தப்பா வருதுன்னு கம்புக்கு அதுதான் சொல்லும்."

"கரையில குந்திகினு நீ தப்பு, நீ தப்புன்னு சொல்லினே கீதா? பொம்பளதான் அது. சரி, அந்தக் கம்பால முளை எங்க இருந்துச்சின்னு காட்டு."

"நின்ன இடத்தை யாரும் அளந்து எழுதி வெக்கலையேம்மா. நாம நிக்கிற இடத்தைத்தான் அது சொல்லும். அதுவும் இப்ப ஆத்துக்கு அடியில நின்னு சொல்லிக்கிட்டு இருக்கு."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். எறிந்தது அவன் ஆட்கள்தான்.

கடலில் ஒரு படகு நீளம் தள்ளி வலை விட்டால் யாரும் கேட்கப்போவதில்லை. பாடு முறையில் அந்த ஒன்றரைப் படகு நீளம்தான் ஒரு வீட்டுச் சோறு. மேலே இருப்பதும் சொல்லாது, ஆற்றில் கிடப்பதும் சொல்லாது. நான் எழுந்து நின்றேன்.

"அண்ணாத்தே, நீ எனக்கு இன்னா சீரு செஞ்ச?"

"ஒரு குத்துவெளக்கு" என்றான்.

"அதுவும் ஓட்டை. டேய், நீ எனக்கு இன்னா செஞ்ச?"

மகன் தலைக்கட்டை இறுக்கிக்கொண்டான்.

"நல்லா கேட்டுக்கங்க. அவன் புள்ளியில ஒரு முளை, இவன் புள்ளியில ஒரு முளை, இப்பவே அடிங்க. நடுவுல கீறது அண்ணன் எனக்குச் செய்யற சீரு. அதுல எவன் கால வெச்சாலும், பொறந்தவளையோ பெத்தவளையோ மேய வந்தவன். அங்க எவன் வலை கட்டணும்னு நாஞ் சொல்றேன். ஒரு ஏத்தம் நீ, ஒரு ஏத்தம் அவன். கூடை எனக்கு."

"பொம்பளைக்கு ஏதும்மா பாடு?" என்று வடகரைப் பெரியவர் ஒருத்தர் இழுத்தார். நான் அவருடைய காதைப் பார்த்தேன். வேறொன்றும் செய்யவில்லை. அவர் படகில் ஏறிவிட்டார்.

தங்கைக்குக் கொடுத்த சீரில் அண்ணன் கைவைக்க முடியாது. அம்மாவின் சீரை மகன் பிடுங்க முடியாது. சாயங்கால ஏற்றத்துக்குள் இரண்டு முளையும் நின்றன. அண்ணன் அடிக்க, தலையில் என் முந்தானையோடு என் மகன் பிடித்துக்கொண்டான். இரண்டு பேரும் பேசவில்லை. இன்று வரைக்கும் பேசவில்லை. என் மகனுக்கு இடது கண் பாதிதான் திறக்கும். அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது.

திருவொற்றியூர் ஆஸ்பத்திரியில் தையல் போட்டுக்கொண்டு வருவதற்குள், போலீஸ் வந்து விசாரித்துவிட்டுப் போனது என்று பக்கத்து வீட்டுக்காரிகள் எல்லாரும் என் வாசலில் நின்றார்கள். மறுபடி வந்தால் என்ன சொல்வது என்று கேட்டார்கள். மகன் தலை என்றால், படகு கவிழ்ந்து பாலத்து இரும்பில் மோதிக்கொண்டான் என்று சொல்லுங்கள் என்றேன். அண்ணன் காது என்றால், நண்டு என்று சொல்லுங்கள். "அம்மாம் பெரிய நண்டா ஆயா?" என்றாள் ஒருத்தி. "எடம் கேட்டா மட்டும் சரியா சொல்லாதீங்கடி" என்றேன். "பாலத்தடின்னு சொல்லுங்க. அங்க நின்னு போன்ல எவன் எடம் கண்டுபுடிப்பான்?"