தொண்ணூறு கிலோ

என் அண்ணனின் எடை தொண்ணூறு கிலோ என்று ஒரு காகிதத்தில் எழுத வைத்தவன் நான். அந்தக் காகிதம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. நாந்தி விமானத்தளத்தின் ஓரத்தில், ஆறு பேர் உட்காரும் சின்ன விமானத்தின் இறக்கைக்குக் கீழே நின்றுகொண்டு, பைலட் அதை ஓர் அட்டையில் செருகி வைத்திருந்தார். இந்த மாதிரி விமானத்தில் மூட்டையை மட்டுமல்ல, ஆளையும் எடை போட்டுத்தான் எங்கே உட்கார வைப்பது என்று முடிவு செய்வார்கள். என்னைத் தராசில் ஏற்றி எழுதிக்கொண்டார். பிறகு, "திரும்பறப்ப இன்னொருத்தர் வர்றாருன்னீங்களே, அவரு எவ்ளோ இருப்பாரு?" என்று எங்கள் பீஜி இந்தியிலேயே கேட்டார். எங்கள் ஊர் லம்பாசா பக்கத்துக் காய்விதிக்காரர். மண்ணின் மைந்தர்களை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். என் பேரன்களைவிட நல்ல இந்தி பேசினார்.

"தொண்ணூறு போட்டுக்கங்க. கரும்புக் கட்ட ஒத்தக் கையில தூக்குற ஆளு" என்றேன்.

நான் நாலாம் வகுப்போடு நின்றவன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கிற நான் பீஜித் தலைநகர்ப் பக்கம் சமபுலாவில் மூன்று லாரி ஓட்டினேன், ஆக்லாந்தில் இருபத்து மூன்று ஓட்டினேன். படித்தவர்கள் என் ஆபீசில் வேலை கேட்டு நின்றிருக்கிறார்கள். சொந்தக்காரர்களில் தனி விமானம் பேசி லம்பாசாவில் இறங்கியவன் என்னைத் தவிர யாருமில்லை. இதையெல்லாம் பெருமையாகச் சொல்லித்தான் பழக்கம். அந்தச் சனிக்கிழமையைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கிவிடும்.

முதல் 'கூ' நடந்தபோது நான் சமபுலாவில் இருந்தேன். இந்தியர்கள் பக்கமிருந்த ஆட்சியைப் பட்டாளம் பிடுங்கியதை நாங்கள் அந்த ஒற்றை எழுத்தால்தான் சொல்வோம். பட்டப்பகலில் என் லாரி ஒன்றைக் கொளுத்தினார்கள். தெரிந்த முகங்கள் வேடிக்கை பார்த்தன. மறுமாதமே நியூசிலாந்துக்குக் கிளம்புவதென்று முடிவு செய்து, விடைபெறக் கப்பலேறி லம்பாசாவுக்குப் போனேன். அண்ணன் கரும்பு வயல் ஓரத்தில் பாய் விரித்து, லேசாகப் போதை தரும் நங்கோனா வேர்ப்பொடியைக் கரைத்துவைத்திருந்தார். கொட்டாங்கச்சியில் ஊற்றிக் கொடுத்தார்.

"நீங்களும் வந்துடுங்கண்ணே. நெலம் குத்தகை. என்னிக்கி வேணா புடுங்குவான்."

"நான் அங்க வந்து என்னடா பண்றது? வெள்ளக்காரன் வீட்டுல புல்லு வெட்டவா? ஓடறவன் ஓடு."

'ஓடறவன்' என்ற சொல் எனக்குச் சுருக்கென்றது. எழுந்து நின்று, "ஒரு நா நானே ஏரோப்ளேன் புடிச்சிக்கிட்டு உங்க தல மேலயே வர்றேன் பாருங்க" என்றேன்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை எடுத்துத் தலைக்கு மேல் சுழற்றிக் காட்டினார். "வாடா வா. இங்கயே நின்னு இப்பிடி ஆட்டறேன். எடம் தெரியாம மலையில போய் முட்டிக்காத."

அதற்குப் பிறகு இன்னும் கூக்கள் வந்தன. அண்ணனின் குத்தகையும் முடியப்போகிறது என்று சேதி வந்தது. நான் அலைந்து திரிந்து அவருக்கும் அண்ணிக்கும் நியூசிலாந்தில் குடியேறக் காகிதம் வாங்கினேன். அண்ணி பிறகு மகனோடு வருவதாகப் பேச்சு. அண்ணனை நானே கையோடு கூட்டிவருவது என்று வைத்துக்கொண்டேன். போன் செய்தேன். "சனிக்கெழம மத்தியானம் மேல பாருங்க" என்றேன். "பாக்கறேண்டா" என்றார். குரல் மெலிந்திருந்தது. லைன் சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை நாந்தியில் எந்த ஓட்டலில் தங்கினேன் என்பதை யாருக்கும் சொல்லவில்லை. திடீரென்று வானத்தில் தோன்ற வேண்டும் என்ற ஆசை.

சனிக்கிழமை விமானம் கடலைத் தாண்டி, லம்பாசா இருக்கும் வனுவாலெவுத் தீவு மலைகளின் முதுகைத் தொடுவதுபோல் ஏறி, மறுபக்கம் இறங்கியதும் பள்ளத்தாக்கு முழுக்கக் கரும்பு விரிந்தது. ஓடுபாதை அதன் நடுவே சின்னக் கோடு. "எறங்கறதுக்கு முன்ன எங்க வயல் மேல ஒரு சுத்து" என்று பைலட்டிடம் கேட்டேன். அவர் தரையில் இருந்தவர்களுக்கு ரேடியோவில் சொல்லிவிட்டுத் தாழ்த்தினார். ஆற்றங்கரையில் ஒரு புகை எழுந்தது, பக்கத்தில் கும்பலாக ஆட்கள். வெட்டுக்கு முன்னால் கரும்புக்கு நெருப்பு வைக்கும் காலம் அது.

"பாருங்க, எங்க கரும்பு எரியுது" என்று பைலட்டின் தோளைத் தட்டினேன். "புகையப் பாத்தே எத்தன டன்னுன்னு சொல்லுவேன்."

கீழே ஆட்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். எனக்காகக் கூடியிருக்கிறார்கள் என்று நெஞ்சு விம்மியது. சற்றுத் தள்ளி வீட்டுப் பக்கம் ஒற்றை உருவம் வெள்ளைத் துணியைத் தலைக்கு மேல் ஆட்டிக்கொண்டிருந்தது. நான் சத்தமாகச் சிரித்தேன். "அதான் எங்கண்ணன்" என்றேன். பைலட் இறக்கையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பதில் சொன்னார். இன்னொரு சுற்று கேட்டேன். அதையும் சுற்றினார்.

தரையிறங்கி வந்தபோது கம்பி வேலிக்கு அப்பால் அண்ணன் மகன் தலை குனிந்து நின்றான். "எங்கடா உங்கப்பா, இன்னும் துண்ட ஆட்டிக்கிட்டே நிக்கறாரா?" என்று கேட்டுக்கொண்டே நடந்தேன். கிட்டப் போனபின்தான் பார்த்தேன். தலை மழித்திருந்தது. வேட்டி ஈரமாக ஒட்டியிருந்தது.

"நேத்து சாயங்காலம், சித்தப்பா" என்றான். தமிழில் அவனுக்கு அதற்கு மேல் வரவில்லை. மீதியை இந்தியில் சொன்னான்: ஆக்லாந்து வீட்டுக்குப் போன் போட்டார்களாம், நான் எங்கிருக்கிறேன் என்று அங்கேயும் தெரியவில்லை.

கரும்பிலே பிறந்தவன் நான். கரும்புத் தீ குப்பென்று கறுப்பாக எழும், சருகுக் கரி மழைபோல் பறக்கும், கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். நான் பார்த்த புகை மெல்லியதாக, வெளுப்பாக, நேராக ஏறியது. இரண்டு சுற்று சுற்றியும் அது நின்ற இடத்திலேயே நின்றது. என் கூடப் பிறந்தவரின் சிதை மேல் நான் சிரித்துக்கொண்டே பறந்திருக்கிறேன்.

அண்ணி வாசற்படியில் அந்தத் துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நீ வர்றப்ப ஆட்டச் சொன்னாரு தம்பி. நான் இல்லாட்டி நீ ஆட்டுன்னாரு. ஆட்டினேன்."

"ஒடம்பு சரியில்லன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா அண்ணி?"

"சொல்ல உடலியே. அவன் சந்தோசமா ஏரோப்ளேன்ல வரட்டும்னு வாய மூடிட்டாரு. ஆஸ்பத்திரி தராசுல நாப்பத்தொம்பது தம்பி. வெறும் எலும்பு."

மூன்றாம் நாள் திரும்பினேன். அண்ணியைக் கூப்பிட்டேன், வரவில்லை. விமானத்தடியில் பைலட் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவர் தாத்தாவைப் புதைத்ததும் அதே ஆற்றங்கரையில்தான் என்று மட்டும் சொன்னார். காகிதத்தை எடுத்தவர் பேனாவை வைத்துக்கொண்டு தயங்கினார். எடையைத் திருத்தாமல் கிளம்ப முடியாது. நான் பேனாவை வாங்கினேன். தொண்ணூறை அடித்துவிட்டு ஒரு சுழியம் போட்டேன். கையெழுத்துக்கே திணறுகிற கை, அந்தச் சுழியத்தை உருண்டையாகப் போட்டது.

இப்போது எனக்கு எண்பத்திரண்டு. போன வாரம் டாக்டர் என்னைத் தராசில் நிறுத்தினார். ஐம்பத்தொன்று. மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்று சாயங்காலமே அண்ணன் மகன் பிரிஸ்பேனிலிருந்து போன் செய்தான். குத்தகை போனபின் அங்கே குடியேறி அவனும் லாரி வைத்திருக்கிறான். அடுத்த மாதம் பார்க்க வருகிறானாம். "ஒடம்பு எப்பிடி சித்தப்பா?" என்றான்.

மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கென்னடா" என்றேன். "தொண்ணூறு கிலோ இருக்கேன். நீ மெதுவா வா."