சுவரைப் பார்த்து உட்கார்ந்தவன்

மகளுக்குக் கண்டியில் வேலை கிடைத்தது. அடுத்த மாதம் அங்கே போர்டிங்கில் தங்கப் போகிறாள் என்று முடிவானபோது எனக்கு ஒரே எண்ணம்தான் இருந்தது. என்மேல் உள்ள பயத்தோடு அவள் போகக் கூடாது.

நான் அடிக்கிற தகப்பன் அல்ல. கோபம் வந்தால் கதைக்க மாட்டேன், அவ்வளவுதான். வெள்ளவத்தையில் ஒரு புடவைக் கடையில் வேலை. வருகிறவர்கள் விரித்துப் பார்த்துவிட்டுப் போட்ட சேலைகளை நாள் முழுவதும் மடிப்பேன். யார் என்ன சொன்னாலும் திருப்பிச் சொல்லத் தெரியாது. சொல்லாததெல்லாம் பஸ்ஸில் என்னோடு கொட்டாஞ்சேனைக்கு வரும். கறிக்கு உப்புக் குறைந்தால் போதும், சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவேன். மகள் சாதாரண தரப் பரீட்சை எழுதியபோது ஒருமுறை பதினொரு நாள் அப்படி இருந்தேன். எப்படி எழுதினாய் என்றுகூட அவளைக் கேட்கவில்லை.

கடையில் கூட நிற்பவர் ஒருவர் என்னை ஞாயிற்றுக்கிழமைத் தியான வகுப்புக்குக் கூட்டிப்போனார். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு அங்கே சொன்ன பெரிய விஷயங்கள் விளங்கவில்லை. மூச்சைக் கவனிப்பது விளங்கியது. தினமும் விடிய அதே சுவர்ப் பக்கம் அரை மணி நேரம் கண்ணை மூடி உட்கார்ந்தேன். மூன்றாம் கிழமையளவில், கடையில் கேட்ட ஏச்சு கடையிலேயே நின்றுவிட்டது. வீடும் அமைதியானது போலிருந்தது. நான் உட்கார்ந்தால் டிவி நிற்கும், பாத்திரச் சத்தம் நிற்கும். தியானம் என்று வீட்டில் சொல்ல வெட்கமாக இருந்ததால் சொல்லவில்லை.

ஒருநாள் அப்படி இருக்கும்போது குசினியில் மகளின் குரல் கேட்டது.

"அம்மா, அப்பாவுக்கு என்னத்துக்கு இவ்வளவு நாள் கோவம்? நான் கண்டிக்குப் போறதுக்கா?"

"மெல்லக் கதை. நானும் யோசிச்சுப் பாத்திட்டன். உப்பும் சரியாத்தான் போடுறன்."

எழுந்து போனேன். "கோவமில்ல பிள்ள. தியானம்."

மனைவி கரண்டியோடு நின்றாள். மகள் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"எங்களுக்கு எப்பிடித் தெரியும் அப்பா? ரெண்டும் ஒரே மாதிரித்தானே இருக்கு."

அந்தப் பதினொரு நாளுக்கு அப்போதே அவளிடம் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். வாய் வரவில்லை. அடுத்த கிழமை அவள் போய்விட்டாள்.

இப்போதெல்லாம் மனைவியிடம் சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடுகிறேன். மகள் தாய்க்குத்தான் போன் எடுப்பாள். "அப்பா கதைக்கிறாரா?" என்பதுதான் எப்போதும் அவளுடைய முதல் கேள்வி.

போன ஞாயிறு நானே அவளுக்கு எடுத்தேன். அதுவே முதல் தடவை.

"அப்பா? அம்மாவுக்கு என்ன?"

"அம்மாவுக்கு ஒண்டுமில்ல. நீ சோதினை எழுதேக்க நான் கதைக்காம இருந்தது பிழை, பிள்ள."

வைத்துவிட்டாளோ என்று போனைப் பார்த்தேன். வைக்கவில்லை.

"பஸ் வருது அப்பா," என்றாள் பிறகு. "நான் எடுக்கிறன்."

பின்னேரம் எடுத்தாள், தாய்க்கு.