கஸ்தூரி பார்த்த ஒத்திகை

லைட்ஹவுஸ் குப்பத்தில் வந்து கஸ்தூரி வீடு எது என்று கேட்டால், எந்தக் கஸ்தூரி என்பார்கள். பயந்தாங்கொள்ளி கஸ்தூரி என்று சொல்லிப் பாருங்கள், வாசல்வரைக்கும் கூட்டிவந்து விட்டுவிட்டுப் போவார்கள். புருஷன் முனியன் கடலுக்குப் போய் அவன் போன் கிடைக்கவில்லை என்றால் அவளுக்குச் சோறு இறங்காது. மகள் தும்மினால் ஆஸ்பத்திரி. தெருநாய் வேளை கெட்ட வேளையில் ஊளையிட்டால் போச்சு, அன்றைக்கு வீட்டில் ஒருத்தரும் வெளியே போகக்கூடாது. "பேயே உன்னியப் பாத்தா பயந்துக்கும்" என்று முனியன் கேலி செய்வான். செய்யட்டும். அவனுக்கென்ன, அவன் பார்க்காததை இவள் பார்த்திருக்கிறாள்.

சுனாமி வந்த வருஷம் கஸ்தூரி ஏழாம் வகுப்பு. பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற அரசாங்கப் பள்ளிக்கூடம்தான். அலை கொண்டுபோன அவள் அம்மாவை மறுநாள் கண்டெடுத்து, வேறு இடம் இல்லாமல், அந்தப் பள்ளிக்கூடத்து வராந்தாவில்தான் கிடத்தினார்கள். கஸ்தூரி ஓடிப்போய்ப் பார்த்தபோது முகம் கண்ணில் படவில்லை. கிழிசல் துணியால் தாடையைச் சேர்த்துத் தலைமேல் போட்டிருந்த வாய்க்கட்டும், கால் பெருவிரல் இரண்டையும் இழுத்து முடிந்திருந்த கட்டும்தான் முதலில் பட்டது. அது அம்மாதான் என்பது அதற்கப்புறம்தான் தெரிந்தது. அன்றோடு படிப்பு போயிற்று. கல்யாணம் ஆகி, கருவாடு போட்டு, பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளையை அதே பள்ளிக்கூடத்தில் சேர்த்தும்கூட, கேட்டைத் தாண்டி அவள் கால் வைத்ததில்லை. பெற்றோர் கூட்டம் என்றால் முனியன்தான் போவான், அன்றைக்கு வலை நிறைய மீன் என்றாலும் அவன்தான் போக வேண்டும்.

மகள் ஜமுனா ஒன்பதாவது. அம்மாவுக்கு நேர் எதிர். கோகோவா, பேர் கொடு. கலைத் திருவிழாவா, பேர் கொடு. ஜூனியர் ரெட் கிராஸ் என்று முதலுதவி சொல்லிக்கொடுக்கிற குழு ஒன்று இருந்தது, அதிலும் பேர். அம்மாவிடம் எதையும் முழுசாகச் சொல்லக்கூடாது, பாதி சொன்னால்தான் காரியம் நடக்கும் என்பதை அவள் எப்போதோ கற்றுக்கொண்டுவிட்டாள். அதனால்தான், "வெள்ளிக்கிழம ஸ்கூல்ல ஒத்திகை கீது" என்பதோடு நிறுத்திக்கொண்டாள். ஆண்டு விழா டான்சுக்காக இருக்கும் என்று நினைத்துக் கஸ்தூரி தலைக்குப் பூ வாங்கி வைத்து அனுப்பினாள்.

அது சுனாமி ஒத்திகை. பயப்பட வேண்டாம், சும்மா பழக்கத்துக்குத்தான் என்று மைக் கட்டிய ஆட்டோ குப்பத்துத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போனது. போன நேரத்தில் கஸ்தூரி கருவாட்டுக் கூடையோடு மார்க்கெட்டில் இருந்தாள். விதி என்பதா, வேறென்ன சொல்ல!

திரும்பி வந்து மணலில் நெத்திலியைப் பரப்பிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்துப் பக்கமிருந்து சைரன் கிளம்பியது. முதலில் கடலைப் பார்த்தாள். கடல் சாதுவாகக் கிடந்தது. அன்றைக்கும் இப்படித்தானே கிடந்தது! நெத்திலியைக் காக்காய்க்கு விட்டுவிட்டு ஓடினாள். பாலத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவர் ஏதோ கத்திச் சொன்னார். காதில் விழுந்தால்தானே.

கேட்டருகே வந்ததும் கால் தானாக நின்றது. உள்ளே பிள்ளைகள் அலறிக்கொண்டு ஓடினார்கள். ஸ்ட்ரெச்சர் போயிற்று. ஜமுனா, ஜமுனா என்று கூப்பிட்டுப் பார்த்தாள். இருபது வருஷமாகத் தாண்டாத கேட்டைத் தாண்டினாள்.

வராந்தாவில், அதே வராந்தாவில், வரிசையாகப் பிள்ளைகளைக் கிடத்தியிருந்தார்கள். மூன்றாவதாகக் கிடந்தது வெள்ளைத் துணியால் வாய்க்கட்டு கட்டிய ஓர் உடம்பு. கால் இரண்டும் சேர்த்துக் கட்டியிருந்தது. தலையில் காலையில் வைத்த பூ.

தாடை எலும்பு உடைந்தால் அப்படித்தான் கட்டுவார்களாம். ஒரு கால் முறிந்தால் நல்ல காலோடு சேர்த்துக் கட்டுவார்களாம். முதலுதவிப் பாடத்தில் இருக்கிறது. கஸ்தூரிக்குத் தெரிந்த பாடத்தில் அந்த இரண்டு கட்டுக்கும் ஒரே அர்த்தம்தான்.

மகள் மேல் விழுந்தாள். "யம்மாடி, கண்ணத் தொற... ஜமுனா, அம்மா வந்துகீறேன் பாரு" என்றாள். ஜமுனா அசையவில்லை. விசில் ஊதும்வரை மயக்கத்தில் இருப்பதாக நடிப்பவர்கள் கண்ணைத் திறக்கக்கூடாது என்று உடற்கல்வி ஆசிரியர் பால்ராஜ் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஒத்திகையில் அடிபட்ட பெண்ணின் தாயாக வந்து அழ வேண்டியவள் கூடப் படிக்கிற சத்யா. சைரன் இரைச்சலில் குரல் பிடிபடாமல், பரவாயில்லையே, சத்யா இன்றைக்கு நன்றாக அழுகிறாள் என்றுதான் ஜமுனா நினைத்துக்கொண்டு கிடந்திருக்கிறாள். நிஜ சத்யாவோ தூணோரம் நின்று வேடிக்கை பார்த்தாள்.

கஸ்தூரி கால்மாட்டுக்குப் போய் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். எத்தனையோ வலைச் சிக்கலை எடுத்த விரல் அந்த முடிச்சுக்கு வளையவில்லை. பல்லால் கடித்தாள். பார்க்க வந்திருந்த அதிகாரி ஒருவர், அம்மா வேஷம் போட்டவங்க பிரமாதம் என்று கை தட்டினார். கூட இருந்தவர்களும் தட்டினார்கள்.

பால்ராஜுக்குத்தான் முதலில் விளங்கியது. விசிலை ஊதினார். ஜமுனா கண்ணைத் திறந்தாள். கால் முடிச்சைக் கடித்துக்கொண்டிருப்பது தன் அம்மா என்று தெரிந்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள். கால் கட்டு விடவில்லை. வாய்க்கட்டு இருந்ததால், "ம்மா" என்பது பாதிதான் வந்தது. அந்தப் பாதியைக் கேட்டுத்தான் கஸ்தூரி நிமிர்ந்தாள். மகளை இரண்டு அறை அறைந்தாள், பிறகு கட்டிக்கொண்டாள். செத்ததாக அழுதால் ஆயுசு கெட்டி என்று யாரோ தேற்றினார்கள்.

ரெட் கிராஸும் வேண்டாம், பள்ளிக்கூடமும் வேண்டாம் என்று வீட்டில் ஒரு வாரம் ரகளை. முனியன் பேசிப் பார்த்தான், பால்ராஜ் வந்து மன்னிப்புக் கேட்டார். கடைசியில் மகளே, "நான் இனிமே படுத்துக்க மாட்டேம்மா. கட்டுப் போடுறவளா மட்டும் இருக்கேன்" என்றாள். கஸ்தூரி சரி என்றாள்.

பயம் மட்டும் போகவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கோகோ ஆடிவிட்டு வந்த அலுப்பில் ஜமுனா பாயில் படுத்திருந்தாள். அடுப்படியிலிருந்து வந்த கஸ்தூரி பார்த்தாள். பிள்ளையின் கால் இரண்டும் ஒட்டினாற்போல் நேராகக் கிடந்தன. மெல்ல உட்கார்ந்து, ஒரு காலை மட்டும் பிடித்துத் தள்ளி வைத்தாள்.

"மா, உயிரோடதான் கீறேன்" என்றாள் ஜமுனா, கண்ணைத் திறக்காமலே.

"தெரியும், தூங்கு" என்றாள் கஸ்தூரி. பிடித்த காலை விடவில்லை.