சுருளிக்கு வேண்டிய பயம்

எழுமலைச் சுருளிக்கு வயது ஐம்பதைத் தொடுகிறது. அதில் பாதிக்கு மேல் அவன் அடுத்தவர் வயலில்தான் படுத்து எழுந்திருக்கிறான். செம்மறி ஆட்டுக்காரன் பிழைப்பு அப்படி. அறுப்பு முடிந்த வயலில் ஆடுகளை ராத்தங்க விட்டால் புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு உரம். கிடை போடுவது என்பார்கள். ஆடு எங்கே படுக்கிறதோ அங்கேதான் ஆட்டுக்காரனுக்கும் படுக்கை. வாலிபத்தில் பெண் கேட்டுப் போன வீட்டில், "மாப்ள வீட்டுல என்னைக்குத் தங்குவாரு?" என்று கேட்டார்கள். சுருளியின் அப்பா யோசித்துப் பதில் சொல்வதற்குள் பெண்ணின் அம்மா காப்பித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கல்யாணப் பேச்சு அதோடு சரி.

அதற்காக அவன் இடிந்துபோய்விடவில்லை. தாய்மாமன் மகன் முத்திருளன் கூட இருந்தான். இருவருக்கும் ஆடுகள் தனித்தனி, கிடை ஒன்று. சாப்பிட்டுக் கை கழுவியதும் முத்திருளன் பேய்க் கதையை ஆரம்பித்துவிடுவான். கிடைக்காரன் கண்ணசந்தால் நாய்க்கும் நரிக்கும் திருடனுக்கும் கொண்டாட்டம். பயந்தவனுக்குத் தூக்கம் வராது என்பது அவன் கணக்கு. அவனுடைய பேய்கள் எல்லாம் அன்றைக்குப் படுத்திருக்கும் வயலிலேயே குடியிருக்கும். "அந்தா தெரியுதுல்ல மோட்டார் ரூமு, அதுக்குப் பின்னாடிதான்டா" என்பான். சுருளி ஒன்றுக்குப் போகவும் அவனைத் துணைக்கு எழுப்புவான்.

கதைக்கு ஒரு சட்டம் உண்டு. கேட்கிறவன் 'உம்' கொட்ட வேண்டும். உம் நின்றால் கதையும் நிற்கும். ஆள் தூங்கிவிட்டான் என்று விலாவில் ஒரு குத்தும் விழும்.

போன வருசம் முத்திருளன் கோயம்புத்தூருக்கு வாட்ச்மேன் வேலைக்குப் போய்விட்டான். அவன் மனைவி ஒச்சாயிக்கு வெட்டவெளிப் பிழைப்பு அலுத்துவிட்டது. மகளும் அங்கேதான் மில்லில் இருக்கிறாள். மதுரை ஆரப்பாளையத்தில் பஸ் ஏற்றிவிட்டபோது, "ஆட்ட விக்கல மாப்ள, ஒங்கிட்டயே நிக்கட்டும். ஒத்து வரலைன்னா வந்துருவேன்" என்றான். அந்தக் கடைசி வார்த்தையை இடுப்பில் முடிந்துகொண்டுதான் சுருளி ஊர் திரும்பினான்.

தனிக் கிடையில் தூக்கம் ஆளைத் தள்ளியது. ஒருநாள் கண்ணசந்த நேரத்தில் நாய் ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு போய்விட்டது. இது சரிப்படாது என்று சுருளி மறுபடி ஆரப்பாளையம் போனான். பஸ் ஸ்டாண்டை ஒட்டிச் செல்போன் கடை வைத்திருந்த சாஜித்திடம் கேட்டான்.

"தம்பி, மெமரி கார்டுல பேய்க் கதை ஏத்தித் தருவியா?"

சாஜித் சிரித்தான். "பேய்க் கதையாண்ணே? சாமி பாட்டு ஏத்தித் தாரேன், தைரியமா இருக்கும்."

"சாமி பாட்டு கேட்டாத் தூக்கம் வருதுப்பா. எனக்குப் பயம்தான் வேணும்."

"எம்புட்டுப் பயம்ணே?"

"கண்ணு மூடாத அளவுக்கு."

சாஜித் தேடித் தேடிக் கார்டு நிறைய ஏற்றிக் கொடுத்தான்.

அப்போது அலங்காநல்லூர்ப் பக்கம் ஒரு வயலில் கிடை. பொழுது சாய்ந்ததும் வலையைக் கட்டி ஆடுகளை அடைத்துவிட்டு, சின்ன ஸ்பீக்கர் பெட்டியைத் தலைமாட்டில் வைத்துக் கேட்டான். அந்தக் கதைகளில் பேய் லிப்டில் வந்தது. ஓட்டல் ரூமில் ஷவரைத் திறந்துவிட்டது. காரில் பின்சீட்டில் உட்கார்ந்து வந்தது. இவன் ஏறாத லிப்டில் எந்தப் பேய் இருந்தால் இவனுக்கு என்ன? ஆனாலும் பழக்கதோஷம், உம் கொட்டிக்கொண்டே இருந்தான். கதை சொல்கிறவன் இவன் உம்முக்கு நிற்பதாகவே தெரியவில்லை. ஒருநாள் வேண்டுமென்றே வாயை மூடிக்கொண்டு பார்த்தான். கதை நிற்காமல் ஓடியது.

பெட்டிக்குள் இருப்பவனுக்கு இவன் விழித்திருந்தால் என்ன, தூங்கினால் என்ன? செத்துக் கிடந்தாலும் அவன் பாட்டுக்குச் சொல்லி முடித்துவிட்டு அடுத்த பேய்க்குப் போய்விடுவான். அதை நினைத்ததும் சுருளிக்கு முதுகு சில்லிட்டது. கார்டு முழுவதிலும் அவனைப் பயமுறுத்தியது அது ஒன்றுதான். பெட்டியை அணைத்துவிட்டு முத்திருளனுக்குப் போன் போட்டான்.

"மாப்ள, ஒரு கதை சொல்லேன்."

"கதையா? இங்க பொழுது அடைஞ்சதும் பகல் மாதிரி லைட்டப் போட்டுர்றாய்ங்க மாப்ள. ஒரு பேயும் ஞாவகத்துக்கு வர மாட்டேங்குது."

"அப்ப வந்துரு. இங்க வந்தா எல்லாம் ஞாவகம் வரும்."

மாதக்கணக்கில் தொண்டையில் வைத்திருந்ததைச் சொல்லிவிட்டான். அந்தப் பக்கம் ஏதோ ஒரு கார் ஆரன் அடித்தது. கேட்டைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. அப்புறம் முத்திருளன் குரல் இறங்கி வந்தது.

"ஒச்சாயி வர மாட்டேங்குறா மாப்ள. எனக்கும் முழங்கால் ஒத்துழைக்கல. எம் பங்கு ஆட்ட நல்ல வெலைக்கு வந்தா வித்துரு. வித்ததும் சொல்லு."

"ஆகட்டும் மாப்ள" என்றான் சுருளி. போனை வைத்ததும் அழுதான். ஆடுகளைத் தவிரப் பார்க்க யாரும் இல்லாததால் வாய்விட்டே அழுதான்.

சில நாளில் ஆட்டு வியாபாரி சிவபாண்டி வந்து பார்த்தான். நியாயமான விலைதான் கேட்டான். சுருளி படியாது என்றுவிட்டான். அந்த வாரம் முத்திருளன் போன் போட்டான்.

"என்ன மாப்ள, வித்தாச்சா?"

"வெலை படியல மாப்ள."

"சரி, பாரு." அப்புறம் மழை பெய்ததா என்று கேட்டான், மகளுக்கு மாப்பிள்ளை பார்ப்பதைச் சொன்னான், முழங்காலுக்கு என்ன எண்ணெய் தேய்க்கலாம் என்று கேட்டான். அடுத்த வாரமும் கூப்பிட்டான். அதற்கடுத்த வாரமும் கூப்பிட்டான். அதுவரை விசேஷத்துக்கு ஒருமுறை கூப்பிட்டவன்தான் அவன்.

சிவபாண்டிக்குப் பொறுமை போய்விட்டது. மூன்றாவது தடவை வண்டியை வரப்பில் நிறுத்திவிட்டு வந்து நின்றான்.

"அண்ணே, இதுக்கு மேல எந்த யாவாரியும் கேக்க மாட்டான். ஆட்டுக்கு உரியவரே விக்கச் சொல்லிட்டாரு. ஒங்களுக்கு என்னதான்ணே சங்கடம்?"

சுருளி ஆடுகளைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"வித்துட்டா அப்புறம் அவன் எதுக்குப்பா எனக்குப் போன் போடப்போறான்?"