மட்டாஞ்சேரியில் பொட்டு வைத்த பீங்கான் தட்டு

மூத்த பேரன் ஆடிட்டராகிவிட்டான். சின்னவன் மாநிலக் கபடியில் பரிசு வாங்கினான். பேத்தி கவிதா பல் டாக்டர், கொச்சியில் வேலை. ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தக் குடும்பக் குழுவிலிருந்து அவளைப் பார்க்கப் போகிறவர்கள் மட்டாஞ்சேரிக்கும் போய் வரலாம் என்றுதான் 1983இல் நான் போன கதையை எழுதுகிறேன்.

மகளின் நிச்சயத்துக்குச் சீர்த்தட்டு வாங்க நானும் சம்பந்தியம்மாவும் கோவையிலிருந்து காலை ரயிலில் எறணாகுளம் போனோம். பிறகு படகில் அரை மணி நேரம். துறையிலிருந்து ஜூ டவுன் என்கிற யூதர் தெரு நடக்கிற தூரம்தான், சுக்கு வாசனையே வழிகாட்டும்.

பழம்பொருள் கடையில் அந்தத் தட்டைப் பார்த்தேன். வெள்ளைப் பீங்கான், விளிம்பில் நீலக் கொடி. நடுவே ஒரு மரம். வரைந்ததல்ல, பள்ளமாகக் குழித்தது. கிளைகள் அடிமரத்தில் சேர, அடிமரம் ஒரு சிறு குழியில் முடிந்தது. மறுமுனைக்கு மட்டும் அடியில் கால் வைத்திருந்ததால் தட்டு குழிப் பக்கம் சாய்ந்து நின்றது.

“கற்பக மரமுங்க!” என்று சொல்லி, பர்ஸிலிருந்த மஞ்சள் குங்குமத்தால் அங்கேயே பொட்டு வைத்துவிட்டேன்.

கடைக்காரர் தயங்கினார். “அம்மே, இது எறச்சி விளம்புற பாத்திரமாக்கும். சாறு கொம்பு வழியா எறங்கி குழியில சேரும்.”

எங்கள் இரண்டு வீடும் சைவம். நிச்சயம் நின்றுபோகுமோ என்று பயந்துவிட்டேன். சம்பந்தியம்மா கையிலிருந்த கூஜாவைத் திறந்து மரத்தின் உச்சியில் தண்ணீர் ஊற்றினார். அது கிளை கிளையாக இறங்கிக் குழியில் நின்றது. வெளியே ஒரு சொட்டு இல்லை.

“ஆரத்தித் தண்ணி பட்டுச்சேலைல சிந்தி எங்கூட்டுல எத்தன சண்டைங்க தெரியுமா? இது சிந்தாது.”

“எறச்சித் தட்டாச்சுங்களே...”

“கழுவுனா போச்சு. பொட்டு வெச்சாச்சு, இனி உங்க பொண்ணாட்ட இதும் எங்கூட்டுக்குத்தான் வரோணும்.”

கடைக்காரர் சிரித்து நூற்றிருபதை நூறாக்கினார். வைக்கோல் சுற்றிக் கட்டிக் கொடுத்தார்.

நீங்கள் வாங்கினால் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், விரிசல் தெரிந்துவிடும். ரயிலில் மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

தட்டு இன்றும் சம்பந்தியம்மா வீட்டில்தான் இருக்கிறது. என்னிடமுள்ள படத்தில் மரமே தெரியவில்லை. மாப்பிள்ளை, தட்டை உங்கள் அம்மா மடியில் வைத்துப் புதிதாக ஒரு போட்டோ எடுத்து இங்கே போடுங்கள். சம்பந்தியம்மா சிரிக்கிற மாதிரி இருக்கட்டும்.