பிளாஸ்திரி உரித்த கற்கள்

எனக்குக் கோபம் சட்டென்று வரும். அடையாறில் நான் வேலை பார்த்த ஆய்வு நிறுவனத்தில் இதை யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனாலும் 1995 டிசம்பரில், மயிலாப்பூரில் காமாக்ஷி மாமி வீட்டில் ஒன்பதாவது டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது வந்ததே, அந்த மாதிரிக் கோபம் முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

மாமியின் கணவர் சேஷகோபாலன் ஜியாலஜிஸ்ட். நாட்டின் வடகிழக்கு எல்லையில், ரோடும் இல்லாத, சரியான மேப்பும் இல்லாத மலைகளில் ஐம்பதுகளிலிருந்து இருபத்தைந்து வருஷம் சுற்றியவர். அவர் இறந்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. குறிப்பு நோட்டுகள், கையால் வரைந்த மேப்புகள், கடிதங்கள் எல்லாம் எட்டுப் பெட்டிகள். அவற்றைப் பிரித்துப் பட்டியல் போட என்னை அனுப்பியிருந்தார்கள். ஒன்பதாவது பெட்டியில் கற்கள்.

மலையில் ஒரு கல்லை உடைத்து எடுத்த கையோடு, ஆஸ்பத்திரி பிளாஸ்திரியில் நம்பர் எழுதி அதன்மேல் ஒட்டிவிடுவார்கள். எந்த ஆறு, எந்தச் சரிவு, எத்தனை அடி உயரம் என்பதெல்லாம் நோட்டில் அதே நம்பருக்கு எதிரே இருக்கும். நம்பர் போய்விட்டால் அது வெறும் கல். நான் திறந்த பெட்டியில் நாற்பத்து மூன்று கற்கள் பழைய வேட்டித் துணியில் சுற்றி, பளிச்சென்று இருந்தன. ஒன்றில்கூடப் பிளாஸ்திரி இல்லை.

"மாமி, நம்பரெல்லாம் எங்கே?"

"உரிச்சுட்டேன்" என்றார் மாமி, ஆரஞ்சுத் தோலைச் சொல்வது போல. "கொலுவுக்கு மலை கட்டறச்சே அதெல்லாம் அசிங்கமா இருக்காதோ? சிவனும் பார்வதியும் கைலாசத்துல உக்காந்திருக்காளா, ஆஸ்பத்திரியிலயா?"

"எல்லாக் கல்லுலயுமா?"

"ஆமா. சீயக்கா போட்டு அலம்பித் தொடச்சுதான் வெச்சிருக்கேன்."

தலையில் அடித்துக்கொண்டேன். நிஜமாகவே அடித்துக்கொண்டேன். படித்தவர் வீட்டில் இப்படிச் செய்வார்களா, நீங்கள் அலம்பியது அழுக்கை அல்ல, அவருடைய இருபத்தைந்து வருஷத்தை என்று பொரிந்து தள்ளிவிட்டேன். மாமி கடைசியில், "அவர் ஒருநாளும் ஒண்ணும் சொல்லலையே" என்று மட்டும் கேட்டார். அந்த முகத்தைப் பார்த்ததும் என் நாக்கை அறுத்துப் போடலாம் போல இருந்தது.

மாமிக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. பதினெட்டில் கல்யாணம். டெலிபோன் ஆபீசில் டிரங்க் கால் ஆபரேட்டராக முப்பது வருஷம் வேலை. விஜயதசமி முடிந்த மறுநாள் கணவர் ரயிலேறினால் மழைக்காலத்துக்கு முன்னால்தான் திரும்புவார். கடிதம் வர மூன்று வாரம் ஆகும். மாமி காத்திருக்கமாட்டார். கல்கத்தாவுக்கு யாராவது கால் போட்டால் போதும், லைன் கிடைத்ததும் அந்த ஊர் ஆபரேட்டரிடம், கௌஹாத்தியில் மழையா, மலைப்பக்கம் விமானம் போயிற்றா என்று ஒரு வார்த்தை விசாரித்துவிடுவார். முகம் பார்க்காத அந்த ஆபரேட்டர்களும் விசாரித்துச் சொல்வார்களாம். கணவர் எந்த ஆற்றைக் கடக்கமுடியாமல் உட்கார்ந்திருக்கிறார் என்பது, அவர் எழுதுவதற்கு முன்பே மாமிக்குத் தெரிந்துவிடும்.

வருஷா வருஷம் அவர் ஒன்றிரண்டு கல் கொண்டு வருவார். ஆபீசுக்குப் போனது போக, அதே கல்லின் துண்டு. புடவை கேட்ட வருஷம்கூட கல்தான் வந்தது என்று மாமி சொல்லிச் சிரித்தார். நவராத்திரியில் அவற்றை வைத்து மாமி மலை கட்டுவார். ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு இடம், அது மாறாது. அவர் போனபிறகு கொலு வைக்கவில்லை.

எங்கள் டைரக்டர் கருணாகரன் நல்லவர்தான், ஆனால் சட்டம் பேசுபவர். கல்லும் குறிப்பும் பொருந்தினால் முழுத் தொகுப்பையும் எடுப்போம், இல்லாவிட்டால் அச்சான அறிக்கைகள் மட்டும் போதும் என்று சொல்லிவிட்டார். குடும்ப சமாசாரம் எது இருந்தாலும் படிக்காமல் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்பது இன்னொரு உத்தரவு.

மாமியின் வீட்டை இடித்து ஃபிளாட் கட்டப்போகிறார்கள். பொங்கலுக்குள் காலி செய்யவேண்டும். அசோக் நகரில் மகன் நிரஞ்சன் வீட்டில் ஒரு பெட்டி வைக்கத்தான் இடம். கட்டடக்காரர் கற்களைப் பார்த்துவிட்டு, அஸ்திவாரத்துக்கு ஆகும் என்றாராம். காகிதத்துக்குப் பழைய பேப்பர் கடை இருக்கவே இருக்கிறது.

"நேக்கு ஒண்ணும் வேண்டாம் ஜஹீதா" என்றார் மாமி. "அவர் சேர்த்ததெல்லாம் ஒரே இடத்துல இருக்கணும். என்னால அது இல்லேன்னு ஆயிடக்கூடாது."

அதன்பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த வாரம் முழுக்க, ஆபீசுக்கு எடுத்து வந்திருந்த காகிதங்களை 'வேலை', 'சொந்தம்' என்று இரண்டாகப் பிரித்தேன். சொந்தத்தில் முப்பத்தேழு சின்ன நோட்டுகள், வருஷத்துக்கு ஒன்று. அட்டையில் 'வீடு' என்று தமிழில் எழுதியிருந்தது. திருப்பிக் கொடுக்க வேண்டியவை. எனக்கு மூக்கை நுழைக்கும் புத்தி உண்டு, ஒத்துக்கொள்கிறேன். 1956-ஐப் பிரித்தேன். மாமியின் ஜுர மாத்திரை, மச்சினன் கல்யாணத் தேதி, ஊறுகாய் எடுத்துப் போக ஜாடி என்று இருந்தது. கடைசிப் பக்கத்தைப் பார்த்தபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

ஒரு மலையின் படம். நான்கே கற்கள், பக்கத்தில் கண்ணாடிக் குளம், உச்சியில் சிவன் பார்வதி. வடக்கு எது என்று அம்புக்குறி, அளவுகோல், எல்லாம் முறைப்படி. ஒவ்வொரு கல்லின்மேலும் அதன் நம்பர். மாமி உரித்த சூட்டோடு, ஞாபகம் இருக்கும்போதே உட்கார்ந்து வரைந்திருக்கிறார். 1957-இல் ஆறு கற்கள். இப்படியே 1992 வரை வருஷம் தவறாமல். கடைசிப் படத்தில் நாற்பத்து மூன்றும் இருந்தன. முதல் படத்தின் கீழே இரண்டு மூன்று வரி எழுதியிருந்தார். படித்துவிட்டு நோட்டை மூடினேன்.

எந்த இடத்தில் எந்த நம்பர் என்று படம் சொல்லும், எந்த இடத்தில் எந்தக் கல் என்று மாமியின் கைதான் சொல்லவேண்டும். மாமியிடம் மூச்சுவிடவில்லை. படத்தைப் பார்த்து வைத்தார் என்று டைரக்டர் சொல்ல இடம் கொடுக்கக்கூடாது. பெட்டியோடு ஆபீசுக்கு வாருங்கள், வழக்கம்போல மலை கட்டுங்கள் என்று மட்டும் சொன்னேன். எங்கள் டிரைவர் ஷரீஃப் போய் அழைத்து வந்தான்.

"இன்னா மாமி இந்தப் பொட்டில? இத்தினி வெயிட்டு கீது?" என்றான், பெட்டியை இறக்கிக்கொண்டே.

"கைலாசம்ப்பா" என்றார் மாமி.

ரெக்கார்டு அறையில் தரையில் உட்கார்ந்தார். மூன்று வருஷமாகக் கட்டாத மலை. முதல் கல்லை எடுத்து ஓரிடத்தில் வைக்கப் போனார், வைக்காமல் கையை இழுத்துக்கொண்டார். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு கல்லை இப்படியும் அப்படியும் திருப்பினார், வைத்தார். அதற்குமேல் நிற்கவில்லை. குளக்கரைக்குப் பச்சைக் கல், அதற்குப் பின்னால் மினுக்குகிற கல், யானை படுத்த மாதிரி ஒன்று. உச்சிக்கு வெள்ளைக் கல்.

1992 நோட்டை டைரக்டரிடம் நீட்டினேன். "படிக்கக்கூடாதுன்னு சொன்னதைத்தான் சார் படிச்சேன். அப்புறமாத் திட்டிக்குங்க."

அவர் படத்தைப் பார்த்தார், மலையைப் பார்த்தார். லென்சை எடுத்துக்கொண்டு மண்டியிட்டார். படத்தில் ஒரு நம்பரைப் பார்ப்பார், வேலை நோட்டில் அதே நம்பரைத் தேடிப் படிப்பார், கல்லை எடுத்துப் பார்ப்பார். கருஞ்சிவப்புப் புள்ளி உள்ளது என்று எழுதியிருந்தால் புள்ளி இருந்தது. இப்படி நாற்பத்து மூன்றும். எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு, "எல்லாத்தையும் எடுத்துக்கறோம்மா. அந்த வீட்டு நோட்டையும் சேர்த்துக் கொடுத்தீங்கன்னா நல்லது" என்றார்.

அப்போதுதான் 1956 நோட்டை மாமி கையில் கொடுத்தேன். மாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தார். 'பிளாஸ்திரிகளைக் கா. உரித்துவிட்டாள். மலை மிக நன்றாக வந்திருக்கிறது. அவளிடம் சொல்லவேண்டாம். சொன்னால் அடுத்த வருஷம் கல்லைத் தொடப் பயப்படுவாள்.'

படித்துவிட்டு அழுதார். நானும் அழுதேன். டைரக்டர் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

பிறகு மாமி மூக்கைத் துடைத்துக்கொண்டு, "பிளாஸ்திரி இருக்கா?" என்றார். முதலுதவிப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். துண்டு துண்டாக வெட்டி, நான் நம்பரைச் சொல்லச் சொல்ல, டெலிபோன் ஆபீஸ் கையெழுத்தில் எழுதினார். முதல் கல்லை எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்து, அடியில் ஒட்டி, நிமிர்த்தி வைத்தார். நம்பர் மறைந்துவிட்டது, மலை அப்படியே இருந்தது. மாமி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடியில ஒட்டியிருக்கலாம்" என்றார். "முப்பத்தேழு வருஷம். அவருக்கும் தோணலை, நேக்கும் தோணலை."